சத்தம் கூடும், இழுவை கூடாது

கேள்வி: அண்ணே, வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கத்துல இருந்து எழுதுறேன். அப்பா வாங்கின டாடா 207 டிஐ வண்டி, 2006 மாடல், டர்போ இல்லாதது. இப்ப நான்தான் ஓட்டுறேன். மூணரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. வாரத்துல நாலு நாள் உரமூட்டை, மளிகைச் சாமான் ஏத்திக்கிட்டு வடகாடு வழியா பாச்சலூர் மேல போவேன். இறங்கும்போது மலைவாழை, சவ்சவ், பீன்ஸ்னு எது கிடைச்சாலும் மார்க்கெட்டுக்குக் கொண்டாருவேன். ரெண்டு வருஷமா மேட்டுல இழுவையே இல்லை. ரெண்டாவது கியர்ல ஏறின இடத்துல எல்லாம் முதல் கியர் போட வேண்டியிருக்கு. கறுப்புப் புகை தள்ளுது. மைலேஜ் பன்னண்டுல இருந்து பத்துக்கு வந்துருச்சு. தெரிஞ்ச பட்டறையில, ஏர் கிளீனர் டப்பாவைக் கழட்டி எறிஞ்சுட்டு கூம்பு ஃபில்டர் போட்டா இன்ஜின் நல்லா மூச்சு விடும், இருபது பர்சென்ட் பிக்கப் கூடும்னு சொல்றாங்க. போர்வெல் பைப்புல லைன் போட்டுத் தர்றாங்களாம். அதோட காத்து இழுக்க கூரை உயரத்துக்கு ஸ்நார்க்கல்னு ஒரு குழாயும் வச்சுட்டா மழைக்காலத்துல ரயில்வே சுரங்கப்பாதைத் தண்ணிக்குப் பயப்பட வேண்டாமாம். செய்யலாமா? டர்போவும் போடலாமா?

பதில்: தம்பி, டர்போ வேண்டாம். அதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். டர்போ இன்ஜினுக்கு பிஸ்டன், ஆயில் லைன், பம்ப் அளவு எல்லாமே வேறு. மூணரை லட்சம் ஓடிய பழைய உடம்பில் கொண்டுபோய் அதைப் பொருத்தினால், இரண்டாவது மாதமே இன்ஜின் வேலைக்கு இறக்க வேண்டி வரும்.

மிச்சத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் மூன்று சொல் முக்கியம்: கறுப்புப் புகை, மலை, ரெண்டு வருஷம். பட்டறைக்காரர் இந்த மூன்றையும் விட்டுவிட்டு ஃபில்டரைப் பிடித்துக்கொண்டார். அது அவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது, கழற்றுவதும் சுலபம்.

உங்கள் இன்ஜின் 2,956 சிசி. ஒரு சிலிண்டருக்கு 739 மில்லி. நாலு ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் காற்று இழுக்கும். 3,000 ஆர்பிஎம்மில் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 4,400 லிட்டர் வருகிறது. வால்வு, பைப் என்று வழியில் போவதைக் கழித்தால் 3,700 லிட்டரை ஒட்டி நிற்கும். மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டிகள் நாலை ஒரே நிமிடத்தில் காலி பண்ணுகிற மாதிரி. இவ்வளவும் ஒரு காகித மடிப்பு வழியாகத்தான் போகிறது என்றால், அந்தக் காகிதம் மூக்கைப் பிடிக்காமலா இருக்கும் என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. தோன்றினால் அளந்து பார்த்துவிட வேண்டியதுதான். அளக்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி டியூப் இருக்கிறதல்லவா, அதில் பத்துப் பன்னிரண்டு அடி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் இரண்டு கால் மாதிரி வளைத்துக் கட்டுங்கள். கால் ஒவ்வொன்றும் இரண்டரை அடி உயரம் இருக்கட்டும். பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரிய ஒரு சொட்டு நீலம் விடுங்கள். ஒரு முனை திறந்தே இருக்கட்டும். மறுமுனை, பலகைக்கு மேல் ஒரு அடி ஏறி வளைந்து, ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற பைப்பில் போய்ச் சேர வேண்டும். சில வண்டிகளில் ஃபில்டர் அடைப்புக் காட்டும் இன்டிகேட்டருக்கென்றே அங்கே ஒரு துளை இருக்கும். இல்லையென்றால் பைப்பை வண்டியிலிருந்து கழற்றி ஆறு மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டு, சீவலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். வண்டியிலேயே வைத்துத் துளைக்காதீர்கள், சீவல் நேராக வால்வுக்குப் போகும்.

நியூட்ரலில் வைத்து, இன்ஜின் சூடான பிறகு, உதவிக்கு ஒருவரை மிதியை முழுக்க இரண்டு மூன்று வினாடி மிதிக்கச் சொல்லுங்கள். ஒரு காலில் தண்ணீர் ஏறும், மற்றதில் இறங்கும். ரொம்பக் குதித்தால் டியூபை விரலால் லேசாக அமுக்கிப் பிடியுங்கள், நிதானமாகிவிடும். இரண்டு மட்டத்துக்கும் இடையில் எத்தனை அங்குலம் என்று டேப்பால் அளந்து எழுதி வையுங்கள்.

லோடு இல்லாமல் நின்ற இடத்தில் அளந்தால் சரியாக இருக்குமா என்று கேட்பீர்கள். பெட்ரோல் வண்டியில் இருக்காது. அங்கே மிதி காற்றை அடைத்துத் திறக்கும். உங்கள் டீசலில் காற்றுக் குழாயில் கதவே கிடையாது. மிதி கட்டுப்படுத்துவது டீசலை மட்டும்தான். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 3,000 சுற்றில் அது இழுக்கிற காற்று ஏறக்குறைய ஒன்றுதான். கூம்பு ஃபில்டர் கதையில் பட்டறைக்காரர்கள் சறுக்குவதும் இங்கேதான். வீடியோவில் பார்க்கிற பெட்ரோல் கார் கணக்கை அப்படியே டீசலுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டீசலில் சக்தி வருவது ஊற்றுகிற டீசலால். அந்த டீசல் எரியப் போதுமான காற்று இருந்துவிட்டால், அதற்கு மேல் வருகிற காற்று சும்மா உள்ளே போய் சும்மா வெளியே வரும்.

அங்குலத்துக்கு வருவோம். கிணற்று மேட்டில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தண்ணீர் இருபத்தைந்து அடிக்குக் கீழே இறங்கினால் மோட்டார் இழுக்கத் திணறும். காற்றின் எடை அதிகபட்சம் 34 அடித் தண்ணீரைத்தான் தூக்கும். 34 அடி என்றால் 400 அங்குலம் சொச்சம். உங்கள் பலகையில் பத்து அங்குலம் காட்டினால், ஃபில்டர், டப்பா, பைப் எல்லாம் சேர்ந்து இன்ஜினிடமிருந்து பிடித்துக்கொள்வது 400-இல் 10. இரண்டரை சதவீதம். ஃபில்டரே இல்லாமல், பைப்பே இல்லாமல் இன்ஜினைத் திறந்து போட்டாலும் அதற்கு மேல் ஒரு பைசா திரும்பக் கிடைக்காது. பட்டறைக்காரர் சொன்ன இருபது சதவீதம் எங்கிருந்து வரும்?

பத்துக்குள் இருந்தால் காற்றுப் பக்கத்தை மறந்துவிடலாம். இருபதைத் தாண்டினால் எலிமென்ட், அதாவது டப்பாவுக்குள் இருக்கிற காகித ஃபில்டர், மாற்ற வேண்டிய நேரம். பல டீசல் இன்ஜின்களுக்கு இருபத்தைந்து அங்குலத்தைத்தான் கடைசி எல்லையாக வைத்திருக்கிறார்கள். புது எலிமென்ட் போட்டும் இருபதுக்குக் கீழே இறங்காவிட்டால் வழியில் ஏதோ அடைத்திருக்கிறது. குடோனில் நின்ற ஒரு வண்டியில் எலி கட்டிய கூடு எடுத்திருக்கிறேன். முழுசாக ஒரு பனியன் கிழிசல், வைக்கோல், ஒரு பிஸ்கட் உறை. ஹோஸ் வெளியே நன்றாக இருந்து உள்சுவர் உரிந்து மடங்கிக் கிடந்ததும் உண்டு. மிதிக்கும்போது மட்டும் அந்த மடிப்பு எழுந்து வழியை மறிக்கும், நின்ற வண்டியில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இப்போது மலை. உயரம் ஆயிரம் அடி கூடக் கூட, டர்போ இல்லாத இன்ஜின் மூன்று சதவீதம் சக்தியை இழக்கும் என்பது பழைய கைக்கணக்கு. நாலாயிரம் அடி ஏறினால் பத்துப் பன்னிரண்டு சதவீதம் போச்சு. கொடைக்கானல் உயரமான ஏழாயிரம் அடி என்றால் ஐந்தில் ஒரு பங்கு. அங்கே காற்று மெலிசு, ஆனால் டீசல் பம்ப்புக்கு அது தெரியாது. சமவெளியில் ஊற்றுகிற அளவு டீசலையே மேலேயும் ஊற்றும். எரியாத மிச்சம் கறுப்பாக வரும். ஆகவே மேலே போனால் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் மந்தம், இரண்டும் இயற்கை. எந்த ஃபில்டரும் மலைக்காற்றைக் கெட்டிப்படுத்தாது.

ஆனால் மலை இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடவில்லை. முன்பு ஏறிய மேட்டில் இப்போது ஏறவில்லை என்றால் மாறியது வண்டிதான். இரண்டு வருடத்துக்கு முன் யாராவது பம்ப்பில் கை வைத்தார்களா? ஞாபகப்படுத்திப் பாருங்கள். "கொஞ்சம் பிக்கப் கூட்டித் தாங்க" என்று கேட்டால் சிலர் பம்ப் சீலை அறுத்து, டீசல் அளவைக் கூட்டுகிற ஸ்குரூவைக் கால் சுற்று திருகிவிடுவார்கள். முதல் வாரம் வண்டி பறக்கிற மாதிரி இருக்கும். பிறகு புகையும் சூடும் மிஞ்சும். சீல் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் பம்ப்பைக் கழற்றி பம்ப்காரரிடம் கொடுத்து பெஞ்சில் ஏற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். காதால் கேட்டு வைக்கிற வேலை இல்லை அது.

சீல் அறுபடாமல் இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நாசிலை. மூணரை லட்சத்தில் எத்தனை தடவை நாசில் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நல்ல நாசில் டீசலைப் பனி மாதிரித் தெளிக்கும். தேய்ந்தது பால் கறக்கிற மாதிரி பீய்ச்சும், அல்லது நுனியில் சொட்டும். அப்படி வந்த டீசல் எவ்வளவு காற்று இருந்தாலும் முழுசாக எரியாது. புகைக்கும், மைலேஜ் குறைவதற்கும், மேட்டில் மந்தத்துக்கும் இந்த ஒரு காரணம் போதும். நாலு நாசிலையும் கழற்றி டெஸ்ட் பண்ணிப் பார்க்கிற அன்றைக்கே டேப்பட்டையும் (வால்வு இடைவெளி) சரியாக வைத்துவிடுங்கள், டைமிங்கும் கம்ப்ரஷனும் பார்த்துவிடுங்கள். அதற்கு முன்னால் பைசா செலவில்லாத ஒரு சோதனை உண்டு. லோடோடு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி வந்து நிறுத்தி, நாலு வீல் டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. இழுவை இல்லை என்று வந்த வண்டியில் இதையும் கண்டுபிடித்துச் சிரித்திருக்கிறோம்.

கூம்பு ஃபில்டரை ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்றால், லாபம் இல்லை என்பதற்காக மட்டும் இல்லை. டப்பாவோடு வருகிற ஃபில்டர் பானட்டுக்கு வெளியேயுள்ள காற்றை இழுக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். டப்பாவைத் தூக்கிவிட்டுக் கூம்பை மாட்டினால் அது இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து ரேடியேட்டரும், புகை வெளியேறும் மேனிஃபோல்டும் கக்குகிற சூட்டுக் காற்றைக் குடிக்கும். வெளியே 35 டிகிரி, உள்ளே 65 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் காற்று ஒன்பது சதவீதம் மெலிந்துவிடும். இரண்டரையை மீட்கப் போய் ஒன்பதைத் தொலைக்கிற கதை. மலைக்கு மேல் ஏறாமலேயே மூவாயிரம் அடி மேலே நிற்கிற மாதிரி.

அப்புறம் ஏன் போட்டவர்கள் எல்லாம் "செம பிக்கப்" என்கிறார்கள்? சத்தம். அந்த டப்பா தூசியை மட்டும் பிடிக்கவில்லை, இன்ஜின் மூச்சு இழுக்கிற சத்தத்தையும் அமுக்கி வைத்திருந்தது. அதை எடுத்தால் மிதிக்கும்போது வண்டி உறுமும், காது அதை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். சந்தேகமிருந்தால் போட்ட நண்பர் ஒருவர் வண்டியில் உட்கார்ந்து, ஒரே மேடு, ஒரே லோடு, ஒரே கியர், இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு இடையில் எத்தனை வினாடி என்று போனில் பாருங்கள். பழைய டப்பாவைத் திரும்ப மாட்டிவிட்டும் பாருங்கள்.

இனி தூசி. இது எனக்குக் கொஞ்சம் சொந்த விஷயம்.

தொண்ணூறுகளில், நான் கைவேலை கற்று முடித்துத் தனியாக ஸ்பேனர் பிடிக்க ஆரம்பித்த சமயம். கல்குவாரிக்கு ஓடுகிற ஒரு ஜீப்புக்கு ஏர் ஹோஸ் மாற்றிக் கொடுத்தேன். ஃபில்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்க கிளிப்பை இறுக்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதைவிட, கை நுழையாத இடம், ஸ்குரூ டிரைவர் வழுக்கியது, "போதும்" என்று விட்டேன். நாலு மாதத்தில் வண்டி ஆயில் குடிக்கிறது என்று வந்தது. இன்ஜின் ஆவி வெளியேறும் பிரீதர் குழாய் வழியாகப் புகை ஊதிக்கொண்டிருந்தது. பானட்டைத் திறந்து அந்த ஹோஸைக் கழற்றினேன். உள்ளே விரலை விட்டு எடுத்தால் திருநீறு பூசின மாதிரி சாம்பல் நிறப் பொடி. இன்ஜினைப் பிரித்தால், கீழே பேரிங் எல்லாம் பரவாயில்லை, பிஸ்டனின் மேல் ரிங் மட்டும் பிளேடு மாதிரி மெலிந்திருந்தது. ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியை அளந்தால், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் இருந்த கடைசித் தகடும் தொளதொளவென்று நுழைந்தது. சிலிண்டரின் உள்சுவரான லைனரில் மேலே நகத்தை வைத்து இழுத்தால் ஒரு படி தட்டியது. என் மேஸ்திரி ஒன்றும் திட்டவில்லை. அந்தக் கிளிப்பை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனார். ரிங் செட், லைனர் காசு எட்டு மாதம் என் கூலியில் கழிந்தது.

அரை அங்குலம் கூட இல்லாத இடைவெளி அது. கூம்பு ஃபில்டரும் போர்வெல் பைப்பும் என்றால் எத்தனை இணைப்பு, எத்தனை இடைவெளி!

கண்ணுக்குத் தெரிகிற மணல் அவ்வளவு கெடுதல் இல்லை, அது எந்த ஃபில்டரிலும் நின்றுவிடும். ஐந்திலிருந்து இருபது மைக்ரான் வரை உள்ளதுதான் எமன். தலைமுடியே எழுபது மைக்ரான் கனம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பொடி ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் இருக்கிற ஆயில் படலத்துக்குள் போய் உட்கார்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். நம் பக்கத்துத் தூசியில் பெரும்பாலும் கல்மண், இரும்பைவிடக் கடினம்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். ஃபில்டர்களைச் சோதிக்கிற ஐஎஸ்ஓ 5011 முறையில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு கிராம் தூசி கலந்து தள்ளுவார்கள். முன்னால் போகிற வண்டியே தெரியாத அளவு புழுதி அது. தோட்டத்து மண்பாதையில் டிராக்டருக்குப் பின்னால் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டால் உங்களுக்கும் அதுதான் நிலைமை. 2,000 சுற்றில் அந்த அரை மணியில் உங்கள் இன்ஜின் 75 கன மீட்டர் இழுக்கும், 75 கிராம் தூசி ஃபில்டர் வாசலுக்கு வரும். காகித எலிமென்ட் 99.5 சதவீதம் பிடித்தால் உள்ளே போவது அரை கிராமுக்கும் குறைவு. 97 சதவீதம் பிடிக்கிற ஒன்றில் இரண்டேகால் கிராம். கேட்க 99.5-க்கும் 97-க்கும் பெரிய வித்தியாசமில்லை, லைனருக்கு ஆறு மடங்கு. உங்களுக்குக் காட்டிய கூம்பின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், எவ்வளவு பிடிக்கும் என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று. குதிரைத்திறன் மட்டும் போட்டிருக்கும்.

எண்ணெய் நனைத்த துணி ஃபில்டரைக் கழுவிக் கழுவிப் போடலாம், காசு மிச்சம் என்பார்கள். கழுவி, காய வைத்து, சரியான அளவு எண்ணெய் தடவி, ஒரு நாள் வண்டியை நிறுத்தி வைக்கிற பொறுமை உங்களுக்கு இருந்தால் சரி. வாரம் நாலு நாள் மலை ஏறுகிறவருக்கு இருக்காது.

இருக்கிற காகித எலிமென்டை என்ன செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். டயர் கடையில் கம்ப்ரசர் குழாயை நேராக வைத்து ஊதுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். நூறு பவுண்டுக்கு மேல் இருக்கிற காற்று காகிதத்தில் ஊசித் துளை போடும். எலிமென்டுக்குள் ஒரு டார்ச்சை வைத்து இருட்டில் பார்த்தால் நட்சத்திரம் மாதிரித் தெரியும். தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். ஊதியே ஆக வேண்டும் என்றால் முப்பது பவுண்டுக்குள், உள்ளிருந்து வெளியே, ஒரு சாண் தள்ளிப் பிடித்து. இன்னொன்று, பலருக்கு நம்பிக்கை வராது: கொஞ்சம் அழுக்கேறிய காகித ஃபில்டர்தான் புதியதைவிட நன்றாகப் பிடிக்கும். தூசியே தூசிக்கு வலையாகிவிடும். அதனால் வாரா வாரம் திறந்து ஊதாதீர்கள். பலகையில் அங்குலம் ஏறினால் மாற்றுங்கள்.

உங்களுடையது, அடியில் எண்ணெய் ஊற்றி அதில் தூசியைப் பிடிக்கிற பழைய ஆயில் பாத் டப்பாவா, காகிதமா என்று எழுதவில்லை. ஆயில் பாத் என்றால் அடியில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள், கோட்டுக்குக் கீழே இறங்கினாலும் ஏறினாலும் கெடுதல். மெதுவாக ஓடும்போது அதில் காற்று வேகம் குறைவு, தூசி எண்ணெயில் சரியாக மோதாது, அதுதான் அதன் பலவீனம். உங்கள் வண்டிக்கே வருகிற காகித டப்பா முழு செட்டாகக் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். நான் ஒத்துக்கொள்கிற மாற்றம் இது.

நான் ஒத்துக்கொள்கிற இன்னொரு மாற்றமும் உண்டு. டப்பாவுக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் டப்பா மூக்கிலிருந்து ஃபெண்டர் பக்கம் போகிற ரப்பர் துண்டு எப்போதோ கிழிந்து போயிருக்கும், யாரும் திரும்பப் போட்டிருக்க மாட்டார்கள். டப்பா இன்ஜின் சூட்டையே குடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துண்டைப் போட்டு, ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ கிரில் ஓரத்திலோ மழை நேராக அடிக்காத இடத்திலிருந்து வெளிக்காற்று வரும்படி செய்யுங்கள். மூக்கின் விட்டம் எவ்வளவோ பைப்பும் அவ்வளவு, வளைவு குறைவாக. கூம்பால் வராத லாபம் இதில் கொஞ்சம் வரும். டப்பாவுக்கு முன்னால் வருகிற இந்தத் துண்டுக்கு மேனிஃபோல்டிலிருந்து தள்ளி இருந்தால் பிவிசி போட்டால்கூட நான் சண்டைக்கு வரமாட்டேன். டப்பாவுக்குப் பின்னால், சுத்தக் காற்றுப் பக்கம், ஒரு அங்குலம் பிவிசி கூடாது. சூட்டில் இளகும், அதிர்வில் விரியும், உடைந்த சில்லு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியே டப்பா மூடியின் ரப்பர் வளையம், கொக்கிகள், அடியில் தொங்குகிற ரப்பர் நாக்கு எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நாக்கு தூசியைத் தானாகக் கொட்டிவிடுவதற்கு வைத்தது. அது போய்விட்டால் டப்பாவுக்கு அடியில் ஒரு ஓட்டை, சாலைப் புழுதி நேராக ஏறும். சும்மா தொங்குகிறது என்று பிடுங்கிப் போட்டவர்களைத் தெரியும்.

ஸ்நார்க்கல் கேட்டிருந்தீர்கள். அது வீண் பொருள் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆறு கடக்கிற வண்டிகளுக்கும் புழுதிக்கு மேலே காற்று எடுக்க வேண்டிய வண்டிகளுக்கும் அது சரி. நம் டிராக்டரில் பானட்டுக்கு மேலே கிண்ணம் வைத்த குழாய் நிற்கிறதே, வேலை ஒன்றுதான். ஆனால் சுரங்கப்பாதைத் தண்ணீருக்கு அதை நம்பி இறங்காதீர்கள். கூரையில் வாய் இருந்து, ஃபெண்டருக்குள் ஒரு இணைப்பில் மயிரிழை விட்டிருந்தால் போதும், தண்ணீர் அங்கே ஏறும். உங்கள் சிலிண்டர் 739 மில்லி காற்றை அழுத்தி 45 மில்லியை ஒட்டிய இடத்துக்குள் திணிக்கிறது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. அரை டம்ளர் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளையும். டீசலுக்கு ஸ்பார்க் இல்லாததால் நனைந்து தானாக நிற்கவும் நிற்காது. தண்ணீரில் நின்றுவிட்ட வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பவர்களால்தான் பல இன்ஜின்கள் போகின்றன. இதுபோக கியர் பாக்ஸ், பின் ஆக்சில் இரண்டின் பிரீதர்களும் கீழேயே இருக்கின்றன, அவை தண்ணீரைக் குடித்தால் ஆயில் பால் காபி ஆகும். சுரங்கப்பாதையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் சுற்றிப் போங்கள், தம்பி.

அதோடு உங்களுடையது எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்க வேண்டிய வண்டி. எட்டு வருடம் தாண்டியதால் வருடா வருடம் போய் நிற்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே மாதிரியான எலிமென்ட், ஹோஸ், டப்பா மாற்றுவது ரிப்பேர் கணக்கு. கூரை வரை குழாய் நட்டு வைத்தால் இன்ஸ்பெக்டர் கண்ணில் முதலில் படுவது அதுதான். புகையும் பார்ப்பார்கள்: உங்கள் மாடலுக்கு 65 எச்எஸ்யு (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) எல்லை. நாசிலைச் சரிசெய்யாமல் கூம்பை மாட்டிக்கொண்டு போனால் அங்கேயும் நிற்க முடியாது.

ஆகவே கூம்புக்கு எடுத்து வைத்திருக்கிற காசை நாசிலுக்குக் கொடுங்கள். மிச்சமிருந்தால் ஒரு நல்ல எலிமென்ட், இரண்டு ஹோஸ், நாலு புது கிளிப். வேலைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பலகையை வைத்து அளந்து, இரண்டு அங்குலக் கணக்கையும் எனக்கு எழுதுங்கள். பம்ப் சீல் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து. அளந்து முடித்ததும் பைப்பில் போட்ட அந்த ஆறு மில்லித் துளைக்கு போல்ட்டும் வாஷரும் போட்டு, சீலன்ட் தடவி, அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.